ரெக்கார்டிங் வசதியுள்ள ஹெச்டி டிடிஎச் பெட்டி: வாங்குறதுக்கு முன்னாடி ஒரு கணக்கு

வழக்கமா இங்க மியூச்சுவல் ஃபண்ட், வருமான வரி, வீட்டுக் கடன்னு பேசுவோம். இந்த வாரம் டிவிக்குக் கீழே உட்கார்ந்திருக்கிற ஒரு சின்னப் பெட்டியைப் பத்தி. சிரிக்காதீங்க. சில ஆயிரம் ரூபாய் விஷயத்துலதான் நாம ரொம்ப சுலபமா தப்பு பண்றோம். வீட்டுக் கடனுக்கு நாலு பேங்க் ஏறி இறங்குவோம். டிடிஎச் பெட்டியை டெக்னீஷியன் சொன்னதை வச்சு வாங்கிடுவோம். நானும் அப்படித்தான் வாங்கினேன். அதை அப்புறம் சொல்றேன்.

முதல்ல எங்க வீட்டுப் பிரச்சனை. பெருங்குடியில வாடகை வீடு. குழந்தைக்கு ஏழு மாசம். மனைவி திரும்ப வேலைக்குப் போக ஆரம்பிச்சதும் அம்மா திருநெல்வேலியில இருந்து வந்து எங்களோட இருக்காங்க. அவங்க இல்லைன்னா எங்க ரெண்டு பேர்ல ஒருத்தர் வேலையை விட்டிருக்கணும். அவங்களுக்குன்னு இருக்கிற ஒரே ஆசை, சாயங்காலம் ஏழரையில இருந்து ஒன்பதரை வரைக்கும் நாலு சீரியல். குழந்தை சாப்பிடுறதும் தூங்குறதும் சரியா அதே நேரம். நாங்க அந்த நேரத்துல ஓஎம்ஆர் சிக்னல்ல நிக்குறோம். ஆக நாலு சீரியலும் போச்சு. ஒரு நாள், "பரவால்லப்பா, எதிர்வீட்டு அக்காகிட்ட கதையைக் கேட்டுக்கிடுதேன்"னு சொன்னாங்க. குறையா சொல்லலை, சாதாரணமாத்தான் சொன்னாங்க. எனக்குத்தான் ஒரு மாதிரி ஆயிடுச்சு.

சரி, ரெக்கார்டர் உள்ள பெட்டி வாங்கிடலாம்னு உட்கார்ந்தேன். உட்கார்ந்ததும் பழைய கதை ஞாபகம் வந்துடுச்சு.

அப்பாவோட நாலு நிமிஷம்

அப்போ மயிலாப்பூர்ல இருந்தோம். ஹார்ட் டிஸ்க் உள்ளேயே இருக்கிற ஹெச்டி ரெக்கார்டர் பெட்டி ஒண்ணு வாங்கியிருந்தேன். எந்தக் கம்பெனின்னு வேண்டாம். என் அப்பா ஓய்வுபெற்ற தமிழ் ஆசிரியர். ஒரு சேனலோட காலை நிகழ்ச்சியில பிள்ளைகளோட கையெழுத்தை எப்படித் திருத்துறதுன்னு நாலு நிமிஷம் பேசினார். பெட்டியில பதிவு பண்ணி வச்சோம். யார் வீட்டுக்கு வந்தாலும் அதைப் போட்டுக் காட்டுவோம். அவரும் வேண்டாம் வேண்டாம்னு சொல்லிக்கிட்டே வந்து உட்காருவார்.

2019 பிப்ரவரியில டிராயோட புதிய கட்டண முறை வந்துச்சு. ஞாபகம் இருக்கும்: நெட்வொர்க் கட்டணம் 130 ரூபாய், ஜிஎஸ்டி சேர்த்து 153 ரூபாய் 40 காசு, அதுக்கு மேல சேனல் ஒவ்வொண்ணுக்கும் தனி விலை. ஆடிட்டர் சும்மா இருப்பேனா? எக்செல் ஷீட் போட்டேன். வேற கம்பெனிக்கு மாறினா மாசம் 70 ரூபாய் மிச்சம்னு வந்துச்சு. மாறிட்டேன். பழைய பெட்டியைப் பரண்ல போட்டுட்டோம்.

எட்டு மாசம் கழிச்சு ஒரு விருந்தாளி வந்தப்போ அப்பா, "அதைப் போடேன்"னார். பழைய பெட்டியை இறக்கி மாட்டினா, பட்டியல்ல அந்த நிகழ்ச்சியோட பேர் தெரியுது, ஓடலை. சந்தா இல்லாம பதிவு ஓடாது. ரீசார்ஜ் பண்றேன்னு கூப்பிட்டேன். கணக்கு மூடி ரொம்ப நாள் ஆச்சு, பழைய பெட்டியை உயிர்ப்பிக்க முடியாது, புதுப் பெட்டி தர்றோம்னாங்க. புதுப் பெட்டியில பழைய பதிவு ஓடாது. தெரிஞ்ச பையன் ஒருத்தன் டிஸ்க்கைக் கழட்டி லேப்டாப்ல மாட்டிப் பார்த்தான். எல்லாமே பூட்டின ஃபைல்.

எட்டு மாசத்துல நான் மிச்சம் பிடிச்சது 560 ரூபாய். அப்பா இப்பவும் பொங்கலுக்குப் பொங்கல் அதைக் கேட்பார்.

இதுதான் இந்தப் பெட்டிகள்ல முதல்ல புரிஞ்சுக்க வேண்டிய விஷயம். வீடியோ கேசட் மாதிரி, பதிவு பண்ணதெல்லாம் நம்மளோடதுன்னு நினைக்கிறோம். அப்படி இல்லை. டிடிஎச்ல வர்ற கட்டணச் சேனல் எல்லாம் பூட்டுப் போட்டுத்தான் வானத்துல இருந்து இறங்குது. பெட்டியும் அதுல இருக்கிற கார்டும் சேர்ந்து பூட்டைத் திறக்குது. பதிவு பண்ணும்போதும் டிஸ்க்ல பூட்டோடதான் உட்காரும்; சாவி அந்தப் பெட்டிகிட்ட, அந்தச் சந்தாகிட்ட. சந்தா நின்னா சாவி போச்சு. பெட்டி கெட்டுப்போய் மாத்தினாலும் அதேதான். யூஎஸ்பியில வெளி டிஸ்க் மாட்டிப் பதிவு பண்ற பெட்டிகளும் பொதுவா இந்த ரகம்தான். அந்த டிஸ்க்கைக் கம்ப்யூட்டர்ல மாட்டினா எதுவும் ஓடாது.

அதனால பெட்டியைச் சொத்துன்னு நினைச்சுக் கணக்குப் போடாதீங்க. அது ஒரு சந்தாவோட கூடவே வர்ற சாமான். சிம் மாத்துற மாதிரி நம்பரை வச்சுக்கிட்டு கம்பெனி மாத்த முடியாது. ஒரு கம்பெனி பெட்டி இன்னொரு கம்பெனிக்கு வேலைக்கு ஆகாது. சென்னைக்காரங்களுக்கு இது புதுசு இல்லை. 2003 செப்டம்பர்ல கேபிளுக்கே செட் டாப் பாக்ஸ் முறை இங்கதான் முதல்ல வந்துச்சு. அப்போ வாங்கின பெட்டி எத்தனை வீட்டுப் பரண்ல இன்னும் கிடக்குதோ.

மூணு வழி இருக்கு

ஒண்ணு, உள்ளேயே ஹார்ட் டிஸ்க் உள்ள ரெக்கார்டர். 2008-ல டாடா ஸ்கை ப்ளஸ்னு வந்து பிரபலமானது இந்த ரகம். 2022 ஜனவரியில அந்தக் கம்பெனி பேரு டாடா பிளேன்னு மாறிடுச்சு. ரெண்டாவது, டிஸ்க் இல்லாத சாதாரண ஹெச்டி பெட்டி, பின்னாடி யூஎஸ்பி துளை. நாம டிஸ்க் மாட்டிக்கணும். மூணாவது, பதிவே வேண்டாம், ஓடிடி ஆப்ல அப்புறம் பார்த்துக்கலாம்ங்கிறது. ஆண்ட்ராய்டு பெட்டின்னு விக்கிறது பெரும்பாலும் இந்த மூணாவது வேலைக்குத்தான். விலை ஜாஸ்தி, அதனால ரெக்கார்டிங்கும் இருக்கும்னு நீங்களா நினைச்சுக்காதீங்க. வாயைத் திறந்து கேளுங்க.

உங்க வயசுக்கு மூணாவது வழிதான் சரின்னு படும். எனக்கும் அப்படித்தான் பட்டுச்சு. சன் டிவி சீரியல் சன் நெக்ஸ்ட்ல இருக்கு, விஜய் டிவியோடது ஜியோஹாட்ஸ்டார்ல, ஜீ தமிழோடது ஜீ5-ல. பிராட்பேண்ட் ஏற்கனவே இருக்கு. சில ஆபீஸ்ல அந்த பில்லையும் திருப்பித் தர்றாங்க. கூடுதல் செலவு கொஞ்சம்தான். தனியா இருக்கிற பேச்சிலர், பிஜியில இருக்கிறவங்க, கிரிக்கெட்டும் படமும் மட்டும் பார்க்கிறவங்க எல்லாம் இந்தக் கட்டுரையை இங்கயே மூடிட்டுப் போகலாம். உங்களுக்கு ரெக்கார்டர் வேண்டாம்.

ஆனா பார்க்கப் போறது யாருன்னு யோசிக்கணும். எங்க டிவி 2016-ல வாங்கினது, ஸ்மார்ட் இல்லை. ஒரு ஸ்டிக் மாட்டி, அம்மாவுக்கு ஆப்பைப் பழக்கிக் கொடுத்தேன். ரெண்டு வாரம் ஒரு நோட்டுல குறிச்சு வச்சேன். மொத்தம் 48 எபிசோட். அம்மா தனியா, யார் உதவியும் இல்லாம போட்டுப் பார்த்தது அஞ்சு. மத்ததுக்கெல்லாம் என்ன ஆச்சு? ரெண்டு ரிமோட். டிவியை வேற இன்புட்டுக்கு மாத்தணும். ஆப் திடீர்னு லாகின் கேட்கும். நடுவுல வைஃபை போகும். ஒரு தடவை விளம்பரம் முடிஞ்சு எபிசோட் முதல்ல இருந்து ஆரம்பிச்சுச்சு. அவங்க அதைப் புது எபிசோட்னு நினைச்சுப் பாதி வரைக்கும் பார்த்திருக்காங்க. மாசம் 50 ரூபாய் ஆகுற ஒரு வழி, பார்க்க வேண்டியவங்களால போட்டுப் பார்க்க முடியலைன்னா அது 50 ரூபாய் நஷ்டம், அவ்வளவுதான்.

டியூனரும் கேபிளும்

கடைக்காரங்க ஜிபி எவ்வளவுன்னுதான் பெருமையா சொல்லுவாங்க. ஜிபி அவ்வளவு முக்கியம் இல்லை. ஹெச்டி சேனல் சராசரியா விநாடிக்கு 8 மெகாபிட்னு வச்சுக்கோங்க. அதாவது விநாடிக்கு ஒரு எம்பி, மணிக்கு 3.6 ஜிபி. அரை மணி சீரியல் 1.8 ஜிபி. அம்மாவோட நாலு சீரியல், திங்கள்ல இருந்து சனி வரைக்கும் 24 எபிசோட், வாரத்துக்கு 43 ஜிபி. 500 ஜிபி டிஸ்க் கிட்டத்தட்ட பதினோரு வாரம் தாங்கும். மூணு மாசத்துக்கு முந்தின எபிசோடை யாரும் பார்க்கப் போறதில்லை. 500-க்கு மேல காசு கொடுக்காதீங்க.

கேட்க வேண்டியது, டியூனர் எத்தனை? ஒரு டியூனர்னா ஒரு நேரத்துல ஒரு சேனல்தான் பெட்டிக்குள்ள வரும். ஏழரைக்குச் சீரியல் பதிவாகும்போது வேற சேனல் பார்க்க முடியாது. ரெண்டு டியூனர் இருந்தா ஒண்ணு பதிவு, இன்னொண்ணு நேரலை. உள்ளே டிஸ்க் உள்ள ரெக்கார்டருக்கும் யூஎஸ்பி பெட்டிக்கும் உண்மையான வித்தியாசம் பெரும்பாலும் இதுதான், விலை வித்தியாசமும் இதுக்குத்தான் கொடுக்கிறோம்.

ரெண்டு டியூனர்னா டிஷ்ல இருந்து பொதுவா ரெண்டு கேபிள் வரணும். டிஷ் முனையில இருக்கிற எல்என்பியும் ரெட்டை வாய் உள்ளதா இருக்கணும். ஓஎம்ஆர் பக்கம் பெரிய அபார்ட்மென்ட்ல இருக்கிறவங்க இங்க கவனம். மொட்டை மாடியில பொது டிஷ், ஒவ்வொரு பிளாட்டுக்கும் சுவருக்குள்ள ஒரே ஒரு கேபிள்ங்கிற மாதிரிதான் நிறைய இடத்துல பண்ணி வச்சிருக்காங்க. ரெண்டாவது கேபிள் இழுக்க அசோசியேஷன் அனுமதி வேணும், சில இடத்துல அது கிடைக்கவே கிடைக்காது. பெட்டி வாங்கிட்டு வந்து இதைக் கண்டுபிடிச்சா, ரெண்டு டியூனருக்குக் காசு கொடுத்து ஒரு டியூனரை ஓட்டுவீங்க.

சொந்தமா டிஷ் வைக்கிறதா இருந்தா திசையைப் பாருங்க. இதை யாரும் சொல்றதில்லை. சென்னை கிட்டத்தட்ட 80 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகையில இருக்கு. டாடா பிளே செயற்கைக்கோள் 83 டிகிரியில. நம்ம ஊர்ல இருந்து பார்த்தா கிட்டத்தட்ட நேர் தெற்கு, நல்ல உயரத்துல. சன் டைரக்ட் 93.5 டிகிரி, தென்கிழக்கு. ஏர்டெல் 108.2 டிகிரி, அதைவிடக் கிழக்குப் பக்கம், உயரமும் கம்மி. உங்க பால்கனி மேற்குப் பார்த்தது, மொட்டை மாடியில டிஷ் வைக்க ஹவுஸ் ஓனர் விடமாட்டார்னா, கம்பெனிகளை ஒப்பிட்டு எந்தப் பிரயோஜனமும் இல்லை. கிழக்குப் பார்த்த பால்கனிக்கு எதிர்ல பத்து மாடி எழும்பிக்கிட்டு இருந்தாலும் யோசிக்கணும். பெருங்குடியில எதிர்ல எதுவும் எழும்பாத பால்கனி எத்தனை இருக்கு, சொல்லுங்க?

மழையும் இருக்கு. டிடிஎச் அலைவரிசை கனமழையில தேயும். நவம்பர், டிசம்பர்ல சிக்னல் போறது எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். நேரலையில போனா காத்திருப்போம். பதிவுல போனா அந்தப் பத்து நிமிஷம் காலி, அதுவும் சரியா கதையில முக்கியமான இடமாத்தான் இருக்கும். 2023 டிசம்பர்ல மிக்ஜாம் வந்தப்போ எங்க ஏரியாவுல வீட்டுக்குள்ள தண்ணி, நாள் கணக்குல கரண்ட் இல்லை. அந்த மாதிரி நேரத்துக்கு எந்தப் பெட்டியும் உதவாது. ஆனா சாதாரண அரை மணி நேர பவர்கட்டுக்கு, பெட்டி இன்வெர்ட்டர் லைன்ல இருக்கான்னு பாருங்க. சீரியல் நேரம் முன்னே பின்னே தள்ளும்கிறதால பதிவை முன்னாடி அஞ்சு நிமிஷம், பின்னாடி பத்து நிமிஷம் நீட்டி வைக்கிற வசதி இருக்கான்னும் பார்த்துக்கோங்க.

இப்போ கணக்கு

கீழே இருக்கிற எண்கள் உதாரணத்துக்கு. உங்களுக்குச் சொன்ன விலையை அதே இடத்துல போட்டுக்கோங்க.

சாதாரண ஹெச்டி பெட்டியைவிட ரெக்கார்டர் 4,000 ரூபாய் அதிகம்னு வச்சுப்போம். நிறுவ 500, ரெண்டாவது கேபிளுக்கு 400. ஆக முதல்லயே 4,900. ரெக்கார்டிங் வசதிக்குன்னு மாசா மாசம் தனியா வாங்குற திட்டங்களும் இருக்கு. 50 ரூபாய்னா 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்து 59. இதை முதல்ல கேட்டுடுங்க, ஏன்னா விளம்பரத்துல பெட்டி விலை மட்டும்தான் பெருசா இருக்கும்.

அடுத்து கரண்ட். சாதாரண பெட்டியைச் சுவிட்ச் போர்டுல அணைச்சுடலாம். ரெக்கார்டரை அணைச்சா பதிவு நடக்காது. அது 24 மணி நேரமும் முழிச்சுக்கிட்டு இருக்கணும். அடாப்டர் ஸ்டிக்கர்ல 12 வோல்ட், 2 ஆம்பியர்னு இருந்தா அதிகபட்சம் 24 வாட். சராசரி 15 வாட்னு வச்சா மாசத்துக்கு 10.8 யூனிட். நேரடி மின்வாரிய பில்லுன்னா உங்க ஸ்லாபைப் பொறுத்தது. ரெண்டு மாசத்துக்கு 500 யூனிட் எல்லைக்குப் பக்கத்துல இருக்கிறவங்களுக்கு இந்த 21 யூனிட் சுர்ருன்னு உறைக்கும். சப் மீட்டர் வச்சு யூனிட்டுக்கு 8 ரூபாய்னு வாங்குற ஹவுஸ் ஓனர் வீட்டுல மாசம் 86 ரூபாய்.

அடுத்த எண்ணை எல்லாரும் விட்டுடுறாங்க: இந்த வீட்டுல எத்தனை மாசம் இருப்பீங்க? வாடகை ஒப்பந்தம் 11 மாசம். ஒரு தடவை புதுப்பிச்சா சுமார் ரெண்டு வருஷம். வீடு மாறும்போது டிஷ் கழட்டி மாட்டணும், திசை சரியா வரணும், பொது டிஷ் உள்ள அபார்ட்மென்ட்டுக்குப் போனா வேற கம்பெனியா இருக்கும். அதனால அஞ்சு வருஷம் உழைக்கும்னு வகுக்காதீங்க, 24 மாசத்தால வகுங்க.

4,900, அதோட 59 ரூபாய் 24 மாசத்துக்கு 1,416, கரண்ட் 2,064. மொத்தம் 8,380. மாசத்துக்கு 349.

இந்த 349-ஐ எஸ்ஐபியில போட்டா இருபது வருஷத்துல எவ்வளவுன்னு கேட்கிற ஆள் நான் இல்லை. எல்லாச் செலவையும் அப்படிக் கேட்டா டீ கூடக் குடிக்க முடியாது. நான் கேட்கிறது வேற: பதிவு பண்ணதுல எத்தனை மணி நேரம் நிஜமாவே பார்ப்பீங்க? எங்க அம்மா மாதிரி தினம் ரெண்டு மணி நேரம், மாசம் 25 நாள்னா 50 மணி நேரம். மணிக்கு 7 ரூபாய். அந்த விலைக்கு அவ்வளவு சந்தோஷம் வேற எங்கயும் கிடைக்காது. ஆனா நம்ம ஆளுங்க பண்றது என்ன? ஞாயித்துக்கிழமைப் படத்தையும் மேட்சையும் பதிவு பண்ணி வச்சுட்டு, மாசத்துல நாலு மணி நேரம் பார்ப்போம். ஸ்கோர் தெரிஞ்ச மேட்சை யாரு பார்க்கிறா? அப்போ மணிக்கு 87 ரூபாய்.

நோ காஸ்ட் இஎம்ஐன்னு சொன்னா, பிராசஸிங் கட்டணம் கேளுங்க. 199 ரூபாய்னு வச்சாலும் ஜிஎஸ்டியோட 235. நாலாயிரம் ரூபாய் சாமானுக்கு அது கிட்டத்தட்ட 6 சதவீதம். வட்டிப் பகுதிக்கு பேங்க் போடுற ஜிஎஸ்டி தனி. இதைக் கையில காசு கொடுத்து வாங்க முடியலைன்னா, வாங்க வேண்டாம்.

பில்லைப் படிங்க

என் தொழில்ல இருந்து ஒரு விஷயம். பெட்டி வாங்கினதும் ஜிஎஸ்டி பில் கேட்டு வாங்குங்க. அதுல ஒவ்வொரு வரிக்கும் ஒரு குறியீட்டு எண் இருக்கும். 85-ல ஆரம்பிச்சா அது பொருள். பெட்டியை உங்களுக்கு வித்திருக்காங்க. 99-ல ஆரம்பிச்சா அது சேவை. நீங்க கொடுத்தது நிறுவுற கட்டணம், ஆக்டிவேஷன் கட்டணம், இல்லைன்னா வாடகை. பெட்டி இன்னும் கம்பெனியோடதா இருக்கலாம். "சார், பெட்டி உங்களுக்கே சொந்தம்"னு டெக்னீஷியன் வாயால சொல்றது எதுக்கும் ஆகாது.

இது ஏன் முக்கியம்? கம்பெனியோடதுன்னா கெட்டுப்போறப்ப மாத்தித் தர வேண்டிய பொறுப்பும் பெரும்பாலும் அவங்களோடது. ஆனா சந்தாவை நிறுத்தினா திருப்பிக் கேட்கலாம். உங்களோடதுன்னா, வாரன்டி முடிஞ்சதும் டிஸ்க் போனா உங்க தலையில. எந்நேரமும் சுத்திக்கிட்டே இருக்கிற டிஸ்க், மூடின டிவி ஸ்டாண்டுக்குள்ள, நம்ம மே மாச வெயில்ல எத்தனை வருஷம் தாங்கும்னு நினைக்கிறீங்க? வாடகைக்குப் பெட்டி கொடுக்கிற திட்டம் இருந்தா அதைக் கேட்டுப் பாருங்க. அடிக்கடி வீடு மாறுறவங்களுக்கு அதுதான் மலிவு.

பழைய ரெக்கார்டரை ஆன்லைன்ல 800 ரூபாய்க்கு விக்கிறாங்கன்னு ஆசைப்படுறவங்களுக்கும் இதே பில்தான் பதில். பெட்டி முந்தின ஆளோட சந்தாதாரர் எண்ணோட கட்டுண்டு இருக்கும். உங்க பேருக்கு மாத்திக் கொடுப்பாங்களான்னு கம்பெனிகிட்ட கேட்காம காசு கொடுக்காதீங்க. 99 எண் உள்ள பில்லுன்னா வித்தவருக்கே அது சொந்தம் இல்லை.

மாசக் கட்டணத்துல ஒரு சின்ன ஓட்டை. ஹெச்டிக்கு மாறினதும் பலர் அதே சேனலோட பழைய சாதாரண வடிவத்தையும் சேர்த்தே கட்டிக்கிட்டு இருக்காங்க. 2019 முறைப்படி ஒரு ஹெச்டி சேனல் ரெண்டு சேனலா எண்ணப்படும். 2020-ல 130 ரூபாய்க்கு 200 சேனல்னு ஆக்கினாங்க. 2024 ஜூலையில நெட்வொர்க் கட்டணத்துக்கு இருந்த உச்சவரம்பையே டிராய் எடுத்துடுச்சு, அதனால இப்போ கம்பெனிக்குக் கம்பெனி வேறுபடும். உங்க பேக்கைத் திறந்து ரெட்டையா இருக்கிறதைத் தூக்குங்க. எங்க வீட்டுல இப்படியே ஆறு சேனல் போச்சு, யாருக்கும் தெரியக்கூட இல்லை.

கடைசியில நான் என்ன வாங்கினேன்?

எதுவும் வாங்கலை. இத்தனை கணக்கும் போட்டு முடிச்சு, கேபிள் எத்தனை வருதுன்னு பார்க்க டிவி ஸ்டாண்டை நகர்த்தினேன். நாங்க ஏற்கனவே வச்சிருந்த ஹெச்டி பெட்டிக்குப் பின்னாடி, தூசி மண்டிப்போய் ஒரு யூஎஸ்பி துளை. மூணு வருஷமா அங்கேயே இருந்திருக்கு. கஸ்டமர் கேருக்குப் போன் போட்டேன். ரெக்கார்டிங் வசதியைத் திறந்து விட்டாங்க, மாசம் 59 ரூபாய். பீரோவுல சும்மா கிடந்த 320 ஜிபி டிஸ்க்கை மாட்டினேன். மாட்டினதும் பெட்டி அதை ஃபார்மேட் பண்ணணும்னு கேட்கும். ஆமான்னு சொன்னா டிஸ்க்ல இருந்ததெல்லாம் அழிஞ்சிடும். எங்க கல்யாண ஃபோட்டோ அதுலதான் இருந்துச்சு. முன்னாடியே காப்பி எடுத்ததால தப்பிச்சேன். நீங்களும் முதல்ல எடுத்துடுங்க.

320 ஜிபி அம்மாவுக்கு ஏழு வாரம் வருது. ஒரே ரிமோட், ஒரே பட்டன், பட்டியல்ல சீரியல் பேரு. குழந்தை தூங்கினதும் பத்து மணிக்கு உட்கார்ந்து, விளம்பரத்தை ஓட்டி விட்டுட்டு, ரெண்டு மணி நேரத்தை ஒன்றரை மணியில முடிச்சுடுறாங்க. இப்போ எதிர்வீட்டு அக்காவுக்கு அவங்கதான் கதை சொல்றாங்க.

ஒரு டியூனர்தான். ஏழரையில இருந்து ஒன்பதரை வரைக்கும் பெட்டி அம்மாவோட சேனல்லதான் நிக்கும், மாத்த முடியாது. ஐபிஎல் ராத்திரி மேட்ச் ஆரம்பிக்கிறதும் ஏழரைக்குத்தான். நான் மேட்சை ஃபோன்ல பார்க்கிறேன். ரெண்டு டியூனர் பெட்டிக்கு மாறினா அதைப் பெரிய திரையில பார்க்கலாம், மாசம் 349. சீசனே ரெண்டு மாசம்தான், வேண்டாம்னு விட்டுட்டேன்.

அப்பா அடுத்த மாசம் வர்றார். அந்த நாலு நிமிஷத்துக்காக சேனலோட யூடியூப் பக்கத்துல 2018 வரைக்கும் பின்னாடி போய்த் தேடிக்கிட்டு இருக்கேன். உங்க வீட்டு ஆள் யாராவது டிவியில வந்தா, பெட்டியில பதிவு பண்றதோட நிறுத்தாதீங்க. ஃபோனை எடுத்து டிவித் திரையையும் ஒரு வீடியோ எடுத்து வச்சுடுங்க. படம் சுமாராத்தான் இருக்கும், ஆனா எந்தச் சந்தா முடிஞ்சாலும் ஓடும்.